மூன்று பேருக்குப் போகாத கடிதம்

கூடலூரில் உட்கார்ந்துகொண்டு ராணுவ உளவைப் பற்றி எழுத உனக்கு என்ன யோக்கியதை என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நான் அறிந்த உளவெல்லாம் மலைமாட்டுக்காரர்கள் கொண்டுவரும் சங்கதிகள். எந்த ஓடை வற்றிப்போயிற்று, எந்தச் சரிவில் யானை இறங்கியிருக்கிறது, புதிதாக எவன் வந்து கூடாரம் அடித்திருக்கிறான் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். ஒருவன் சொன்னதை டீக்கடையில் இன்னொருவன் சொன்னதோடு ஒத்துப் பார்க்காமல் யாரும் மறுநாள் மாட்டை ஓட்டிக்கொண்டு போவதில்லை.

இந்தப் பழக்கத்தோடு கார்கில் பரிசீலனைக் கமிட்டியின் அறிக்கையைப் படித்தேன். 1999 ஜூலையில் சண்டை ஓய்ந்த கையோடு சர்க்கார் நியமித்த கமிட்டி அது. நால்வரில் தலைவர் திருச்சியில் பிறந்த கே. சுப்ரமணியம். டிசம்பர் 15-ந் தேதி அறிக்கையை எழுதி முடித்துவிட்டார்கள். 2000 பிப்ரவரியில் பார்லிமெண்டில் வைத்தார்கள். பிறகு புத்தகமாகவும் வந்தது. ரகசியம் என்று சில பகுதிகளை நீக்கித்தான் வெளியிட்டார்கள். அதற்காக நான் சண்டை பிடிக்கமாட்டேன். எல்லாவற்றையும் சந்தையில் கொட்டிவிட்டு யாரும் எல்லையைக் காக்க முடியாது.

சர்க்கார் காகிதம் இவ்வளவு விறுவிறுப்பாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. அதில் ஒரு கட்டம் எந்த நாவலாசிரியனும் பொறாமைப்படத் தக்கது. 1998 ஜூன் மாதம், சண்டைக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் முன்பே, எல்லைக்கு அப்பால் நடக்கும் நடமாட்டங்களைப் பற்றி இண்டெலிஜென்ஸ் பீரோவின் டைரக்டர் தாமே கையெழுத்துப் போட்டு ஒரு கடிதம் எழுதுகிறார். பிரதம மந்திரிக்குப் போகிறது. உள்துறை மந்திரிக்குப் போகிறது. பெரிய உத்தியோகஸ்தர்களுக்கும் போகிறது. வெளிநாட்டு உளவு ஸ்தாபனமான 'ரா'வின் தலைவர், கூட்டு உளவுக் கமிட்டியின் தலைவர், ராணுவ உளவுப் பிரிவின் தலைவர் ஆகிய மூன்று பேருக்கு மட்டும் போகவில்லை. அதை எடைபோட்டுப் பார்க்கவேண்டியவர்களே அந்த மூவர்தாம்! மேலிருந்து தானாகக் கீழே கசிந்து வந்து சேரும் என்று நினைத்தார்களாம். கடைசியில், 1999 மே 3-ந் தேதி ஊடுருவலைக் கண்டு வந்து சொன்னவர்கள் ஆடு மேய்க்கிறவர்கள். முன்னணிப் படையின் உளவுக் குழு அவர்களை அவ்வப்போது அமர்த்திக்கொள்வது வழக்கம் என்று அறிக்கையே சொல்கிறது. இதைப் படித்தபோது நம் மலைமாட்டுக்காரர்கள் ஞாபகம் எனக்கு வந்ததில் ஆச்சரியமில்லை.

திருக்குறளில் 'ஒற்றாடல்' என்று ஓர் அதிகாரம் இருக்கிறது. ஒற்றன் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றனைக் கொண்டு சரிபார்க்க வேண்டும். ஒருவனை ஒருவன் அறியாமல் மூன்று பேரை ஆண்டு, மூவர் சொல்லும் ஒத்தால்தான் நம்பவேண்டும் என்பது அங்கே கண்ட விதி. நாம் அந்த விதியில் பாதியை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருக்கிறோம். ஒருவனை ஒருவன் அறியவில்லை. ஒத்துப் பார்ப்பதற்குத்தான் ஆள் இல்லை. அந்த வேலை குறளில் அரசனுடையது. அரசன் போய்விட்ட நாட்டில் அது யாருடைய வேலை?

இந்த உளவு ஸ்தாபனங்களின் மொத்த வேலையை மேற்பார்வை பார்க்க ஏற்பாடு எதுவுமில்லை என்று கமிட்டி ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. அதன் பலனாக, மந்திரிகள் குழு ஒன்று கூடி, 2002-ல் முப்படைகளுக்கும் பொதுவாக ராணுவ உளவு ஸ்தாபனம் ஒன்று ஏற்பட்டது. நல்ல காரியம். ஆனால் அது சர்க்கார் உத்தரவில் பிறந்த குழந்தை. பார்லிமெண்ட் செய்த சட்டத்தில் பிறந்ததல்ல. அமெரிக்காவில் 1970-களிலும், பிரிட்டனில் 1994-லும், இத்தகைய ஸ்தாபனங்களைக் கேள்வி கேட்கப் பார்லிமெண்ட் அங்கத்தினர்களின் கமிட்டிகள் வந்துவிட்டன. இங்கே 2011-ல் மனீஷ் திவாரி என்ற அங்கத்தினர் தனிநபர் மசோதா ஒன்று கொண்டுவந்தார். அது சட்டமாகவில்லை.

அறிக்கையின் குறையையும் சொல்லிவிடுகிறேன். இதில் சம்பவங்கள் இருக்கின்றன, பாத்திரங்கள் இல்லை. பதவிகள் நடமாடுகின்றன, பதவியில் இருந்த மனிதன் அன்று ஏன் அப்படிச் செய்தான் என்று தெரிவதில்லை. ஆளைப் பிடித்துக் குற்றம் சாட்டுவது அவர்களுக்கு இட்ட வேலையல்ல; சாட்சியைக் கட்டாயப்படுத்தி அழைக்கவும் அதிகாரம் இல்லை. வந்தவர்கள் சொன்னதை வாங்கிக்கொண்டார்கள். கதாசிரியனுக்கு இது போதாது. குடிமகனுக்கும் போதாது.

எங்கள் தெருவில் ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். திராட்சைத் தோட்டம் வைத்திருக்கிறார். 1987-ல் யாழ்ப்பாணத்துக்குப் போன படையில் இருந்தவர். இந்தப் புத்தகத்தை அவரிடம் கொடுத்திருந்தேன். ஒரு வாரம் வைத்திருந்து திருப்பிக் கொடுக்கும்போது சொன்னார்:

"கார்கில்ல செத்தவனுக்கு ஒரு புஸ்தகமாச்சும் இருக்கு, தம்பி. எங்க ஆளுகளுக்கு அதுவும் இல்லியே."

எனக்குச் சுருக்கென்றது. 1987 அக்டோபர் 11-ந் தேதி இரவு யாழ்ப்பாணப் பல்கலைக் கழக மைதானத்தில் ஹெலிகாப்டரிலிருந்து இறங்கிய சீக்கிய காலாட்படையினர் 30 பேரில் 29 பேர் மாண்டார்கள். அவர்கள் வருவதைப் புலிகள் முன்கூட்டியே ஒட்டுக்கேட்டு அறிந்து காத்திருந்தார்கள். 1983-க்குப் பிறகு ஈழத்து இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்ததில் நம் வெளிநாட்டு உளவு ஸ்தாபனத்துக்குப் பங்கு உண்டு. அப்படியென்றால், எதிரியை நன்றாக அறிந்த ஒரு கை இந்த சர்க்காரிடமே இருந்தது. சண்டைக்குப் போன கைக்கு அது தெரிந்ததைச் சொல்லவில்லையா, சொல்லியும் கேட்கவில்லையா? 1990 மார்ச்சில் படை திரும்பும்போது 1,100-க்கும் மேற்பட்ட ஜவான்களை இழந்திருந்தது. அந்த மண்ணில் மடிந்த தமிழ்ச் சனங்களின் கணக்கு வேறு. தளபதிகள் சிலர் பின்னால் தம் தம் பக்கத்தை எழுதிப் பிரசுரித்தார்கள். கார்கிலுக்கு வந்ததுபோல ஒரு பொது அறிக்கை யாழ்ப்பாணத்துக்கு வரவேயில்லை. 1962 சீனச் சண்டையை ஆராய்ந்து 1963-ல் கொடுத்த ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையாவது பெட்டிக்குள் பூட்டிக் கிடக்கிறது. 2014-ல் வெளிநாட்டுப் பத்திரிகையாளர் ஒருவர் அதன் ஒரு பகுதியை வெளியிட்ட பிறகும் சர்க்கார் பெட்டியைத் திறக்கவில்லை. யாழ்ப்பாணத்துக்குப் பூட்டவும் ஒன்றுமில்லை.

அண்ணன் புத்தகத்தில் ஒரு பக்கத்தை மடித்து வைத்திருந்தார். அந்த மூன்று பேருக்குப் போகாத கடிதத்தைப் பற்றிய பக்கம். ஓரத்தில் பென்சிலால், "எங்களுக்கு?" என்று எழுதியிருந்தார்.