ஆளுக்கொரு அளவுகோலா?

எழுத்துத் திருட்டைத் தடுக்கப் பல்கலைக் கழக மானியக் குழு 2018-ஆம் ஆண்டு விதி வகுத்தது. வரவேற்கிறோம். ஆனால் விதியைப் புரட்டினோம், வேதனையே மிஞ்சியது!

ஆய்வேட்டில் 60 விழுக்காட்டுக்கு மேல் பிறர் எழுத்தைக் களவாடிய மாணவனுக்கு ஆய்வுப் பதிவே இரத்து. அதே அளவு களவாடிக் கட்டுரை தீட்டிய பேராசிரியருக்கோ, கட்டுரையைத் திரும்பப் பெறவேண்டும். இரண்டு ஆண்டு ஊதிய உயர்வு இல்லை. மூன்றாண்டு ஆய்வு மாணவருக்கு வழிகாட்டத் தடை. பதவி நிலைக்கும்! மீண்டும் அகப்பட்டால்தான் பணிக்கே ஆபத்து.

கற்பவன் தவறினால் கதவடைப்பு. கற்பிப்பவர் தவறினால் கண்டிப்பு மட்டுமா? அறியாதவன் பிழையினும் அறிந்தவர் பிழை பெரிதன்றோ?

நாமும் ஆசிரியர்களே. பார்த்தெழுதும் சிறுவனின் தேர்வுத்தாளைப் பறிக்கும் கை நம்முடையது. அந்தக் கை, நம்மவர் தாளைக் கண்டதும் நடுங்கலாமா? தண்டனையைத் தளர்த்தக் கேட்கவில்லை, சமமாக்கவே கேட்கிறோம்!