திரையும் வகுப்பறையும்: சான் ஹோசே தரும் சான்று

இணையவழிக் கல்வி வகுப்பறைக் கல்வியினும் சிறந்ததா என்னும் வினா, 2020ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக்குப் பின் நம் கல்லூரிகளில் அடிக்கடி எழுப்பப்படுகிறது. அவ்வாண்டில் ஆசிரியரும் மாணவரும் விரும்பித் திரையை நாடவில்லை. கல்லூரிக் கதவுகள் அடைபட்டமையால் நாடினர். நெருக்கடியில் செய்துகொண்ட ஓர் ஏற்பாட்டைக் கொண்டு ஒரு கல்விமுறையை மதிப்பிடுதல் முறையாகாது. ஆகவே, நெருக்கடி ஏதுமின்றி, ஒரே கல்லூரியில், ஏறத்தாழ ஒரே காலத்தில், இம்முறை இருவேறு வகையாகச் சோதிக்கப்பட்ட ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்கொண்டு, இணையவழிக் கல்விக்கு உரியனவாகக் கூறப்படும் சிறப்புகளை ஆராய விழைகிறோம். அந்நிகழ்ச்சி 2012, 2013ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாவிலுள்ள சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்தில் நடந்தேறியது.

1. கூறப்படும் சிறப்புகள்

இணையவழிக் கல்வியை ஆதரிப்போர் நான்கு சிறப்புகளை முன்வைப்பர். முதலாவது, பாடத்தை நிறுத்தவும் திரும்பக் கேட்கவும் இயலும். வகுப்பறையில் அறுபது மாணவரும் ஆசிரியரின் வேகத்திலேயே நடக்க வேண்டும். திரையின் முன் ஒவ்வொருவரும் தம் வேகத்தில் நடக்கலாம். இரண்டாவது, சில நிமிட விளக்கத்திற்குப் பின் ஒரு வினா வருகிறது. விடை சரியா தவறா என்பது உடனே தெரிகிறது. வகுப்பறை மாணவரோ தம் பிழையை அறியத் தேர்வுத்தாள் திரும்பிவரும் வரை காத்திருக்கிறார். மூன்றாவது, பகலில் வேலை செய்வோரும், குழந்தையைப் பேணும் தாய்மாரும், கல்லூரியில்லாத ஊரினரும் கற்க இயலும். நான்காவது, வகுப்பில் வாய்திறவாத மாணவர்கூட எழுத்துவழிக் கலந்துரையாடலில் தம் கருத்தை எழுதியே ஆக வேண்டும்.

இவற்றுள் எதையும் நாம் மறுப்பதற்கில்லை. வகுப்பறையின் ஆதரவாளர்கள் மிகச் சிறந்த வகுப்பறையையும் மிக மோசமான திரையையும் எதிரெதிரே நிறுத்தித் தீர்ப்பு வழங்குவது நேர்மையன்று. ஆசிரியர் பழைய குறிப்பேட்டைப் படிக்க, மாணவர் குனிந்த தலை நிமிராது எழுதிக்கொள்ளும் வகுப்புகளை நாம் அனைவரும் அறிவோம். அத்தகைய வகுப்பிற்குப் பதிலாகத் திரை வருமாயின், இழப்பு ஒன்றுமில்லை. ஆயின், இச்சிறப்புகள் யாருக்குப் பயன்படுகின்றன, எந்நிலையில் பயன்படுகின்றன என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வியாகும்.

2. இரு சோதனைகள்

2012ஆம் ஆண்டின் இலையுதிர்காலப் பருவத்தில், மின்சுற்றுகள் பற்றிய ஒரு பொறியியல் பாடத்தில் முதற்சோதனை நடந்தது. மாசாசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் விரிவுரைகளை எட்எக்ஸ் தளத்தின் வழியே மாணவர்கள் வீட்டில் கண்டனர். வகுப்பு நேரம் கைவிடப்படவில்லை. விரிவுரைக்குப் பதிலாக, ஆசிரியர் அருகிருக்க, மாணவர் சிறு குழுக்களாகக் கணக்குகளைத் தீர்ப்பதற்குப் பயன்பட்டது. பாடத்தை முடித்தோருள் 91 விழுக்காட்டினர் தேர்ச்சி பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அதற்கு முன் அப்பாடத்தில் ஏறத்தாழ 40 விழுக்காட்டினர் தவறுவது வழக்கமாயிருந்தது.

இரண்டாவது சோதனை 2013 ஜனவரியில் தொடங்கிற்று. உடாசிட்டி என்னும் தனியார் நிறுவனத்துடன் இணைந்து, அடிப்படைக் கணிதம், இயற்கணிதம், புள்ளியியல் ஆகிய மூன்று பாடங்கள் முழுவதும் இணையவழியே கற்பிக்கப்பட்டன. கட்டணம் பாடமொன்றுக்கு 150 டாலர். பாடமொன்றுக்குச் சுமார் 100 பேர் சேர்ந்தனர். அவர்களுள் முன்பே அடிப்படைக் கணிதத்தில் தவறியோரும், உயர்நிலைப் பள்ளி மாணவரும் இருந்தனர். பருவ முடிவில், தேர்ச்சி பெற்றோர் விகிதம் வகுப்பறையில் கற்றோரின் விகிதத்தைவிடக் குறைந்திருந்தது. அவ்வாண்டு ஜூலையில், அடுத்த பருவத்திற்கு இச்சோதனையை நிறுத்திவைப்பதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது.

ஆயினும் செய்தி அத்துடன் முடியவில்லை. சில திருத்தங்களுடன் 2013 கோடையில் நடந்த வகுப்புகளில் தேர்ச்சி கணிசமாக உயர்ந்தது. ஆனால் கோடையில் சேர்ந்தோருள் பாதிக்கும் மேற்பட்டோர் ஏற்கெனவே பட்டம் பெற்றவர்கள்!

3. வேறுபாடு எங்கே உள்ளது?

இவற்றை ஒப்பிடுகையில் எச்சரிக்கை தேவை. மின்சுற்றுப் பாடத்தைக் கற்ற பொறியியல் மாணவரும், கணிதத்தில் ஒருமுறை தவறியவரும் ஒரே நிலையினர் அல்லர். ஆகவே முதற்சோதனையின் வெற்றி முழுவதையும் ஆசிரியர் அருகிருந்தமைக்கே உரியதாக்க நாம் துணியோம். எனினும் ஓர் உண்மை தெளிவாகிறது: திரை எல்லாருக்கும் ஒரே திரைதான், அதனைப் பயன்படுத்தும் பழக்கமே ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. நிறுத்திக் கேட்கலாம் என்னும் வசதி, எங்கே நிறுத்த வேண்டுமென அறிந்தவருக்கே பயன்படும். தம் வேகத்தில் நடக்கலாம் என்னும் உரிமை, நடக்கும் பழக்கமற்றவருக்கு நின்றுவிடும் உரிமையாக மாறிவிடுகிறது. உடாசிட்டி சோதனையை ஆராய்ந்த குழுவினரும், தேர்ச்சியை நிர்ணயித்த காரணிகளுள் மாணவரின் முயற்சியே மற்றெல்லாவற்றையும் விஞ்சியது எனக் கண்டனர்.

இம்முடிவு தனித்து நிற்பதன்று. 2013இல் வெளியான ஓர் ஆய்வு, வாஷிங்டன் மாநிலச் சமுதாயக் கல்லூரி மாணவர் 40,000க்கும் மேற்பட்டோர் பயின்ற பாடங்களை நோக்கியது. இணையவழியில் எல்லாத் தரப்பினரும் ஓரளவு பின்தங்கினர்; ஆனால் முன்பே குறைந்த மதிப்பெண் பெற்றோரும், கறுப்பின மாணவரும், ஆண்களும், இளவயதினரும் கூடுதலாகப் பின்தங்கினர். மறுபுறம், அமெரிக்கக் கல்வித் துறை 2009இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, இணையவழிக் கற்போர் சராசரியில் சற்று மேம்பட்டனர் என்றும், இரு முறைகளும் இணைந்தவிடத்து மேம்பாடு மிகுந்தது என்றும் கண்டது. அவ்வாய்வே, இணைப்பு முறையில் கூடுதல் கற்கும் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் சேர்ந்திருந்தமையால் நன்மையைத் திரைக்கு மட்டும் உரியதாக்கலாகாது என்றும் எச்சரித்தது.

4. தத்துவத் துறையின் மறுப்பு

அதே பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறையினர், 2013இல் ஹார்வர்டு பேராசிரியர் மைக்கேல் சாண்டலுக்கு ஒரு திறந்த மடல் எழுதினர். நீதி பற்றிய அவரது புகழ்பெற்ற விரிவுரைகளைத் தம் வகுப்பில் எட்எக்ஸ் வழியே பயன்படுத்த அவர்கள் மறுத்தனர். சிறந்த ஆசிரியர் ஒருவரை எல்லா மாணவருக்கும் அளிக்கலாம் என்பது இணையவழிக் கல்வியின் பெருஞ்சிறப்பாகக் கூறப்படுகிறதன்றோ? அம்மடல் அச்சிறப்பையே ஐயுற்றது. செல்வந்த நிறுவனத்தின் மாணவர் பேராசிரியருடன் உரையாட, ஏனைய மாணவர் அவ்வுரையாடலின் படக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருக்கும் நிலை, உயர்கல்வியில் இரு வர்க்கங்களைத் தோற்றுவிக்கும் என்பது அவர்தம் அச்சம். பிற பல்கலைக்கழக ஆசிரியருக்குத் தம் பாடம் ஊறு விளைவிப்பதைத் தாம் விரும்பவில்லை என்று சாண்டலும் விடையிறுத்தார்.

இம்மடலில் ஆசிரியரின் தன்னலம் கலந்திருக்கலாம் எனச் சிலர் கூறினர். இருக்கட்டும். வாதம் அதனால் பொய்த்துவிடாது. நீதி இன்னதெனக் கேட்டறிவது வேறு. நீதி பற்றிய தம் கருத்தைச் சொல்லி, மறுக்கப்பட்டு, மீண்டும் சிந்திப்பது வேறு. பிந்தியதற்கு மாணவரின் சொல்லைக் கேட்டு மறுமொழி தரும் ஒருவர் வேண்டும். அவர் திரைவழியேகூட வரலாம். ஆனால் வந்தாக வேண்டும்.

5. நமக்குரிய பாடம்

இது தொலைநாட்டுச் செய்தியன்று. இந்திய அரசின் சுவயம் தளம் 2017இல் தொடங்கப்பட்டது. ஒரு பருவத்தின் பாடங்களில் 40 விழுக்காடு வரை அத்தளத்தின் வழியே கற்றுத் தகுதிப்புள்ளிகள் பெறப் பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் வழிவகுத்தது. தம் கல்லூரியில் ஆசிரியரில்லாத ஒரு பாடத்தைச் சிற்றூர் மாணவர் கற்க இதனால் இயலும். இதனை நாம் வரவேற்கிறோம். ஆனால் இவ்வாய்ப்பே ஆசிரியர் பணியிடத்தை நிரப்பாதிருப்பதற்குச் சாக்காகுமாயின், முதற்சோதனையின் பெயரால் இரண்டாவது சோதனையையே நாம் நடத்துவோராவோம்.

நம் மாணவருள் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். எப்படிக் கற்பது என்பதைச் சொல்லித்தர வீட்டில் எவருமில்லை. அவர்களுக்கு வகுப்பறை பாடம் கேட்குமிடம் மட்டுமன்று. கற்கும் பழக்கத்தைப் பிறரிடம் கண்டு பெறுமிடமுமாகும்.

ஆகவே இணையவழிக் கல்வியின் மெய்யான சிறப்பு, அது வகுப்பறையை அகற்றக்கூடியது என்பதில் இல்லை. விரிவுரைக்குச் செலவான நேரத்தை ஆசிரியருக்கு மீட்டுத் தருகிறது என்பதிலேயே உள்ளது என்பது எம் முடிபு. மீட்கப்பட்ட அந்நேரம் மாணவருக்கே திரும்ப அளிக்கப்படுகிறதா? ஒருமுறை தவறியவர் இம்முறை நிலைத்து நிற்கிறாரா? புதிய திட்டம் ஒவ்வொன்றையும் ஏற்குமுன் நம் கல்லூரிகள் இவ்விரு கேள்விகளையும் கேட்பனவாக.