காசா, பொன்னா? புதுக்கோட்டை உரோமப் புதையலும் அகநானூறு 149உம்

சங்ககாலத் தமிழகத்தில் உரோமக் காசுகள் நாணயமாகவே புழங்கின என்னும் கருத்து மறுஆய்வுக்குரியது. புதுக்கோட்டைப் பகுதியில் 1898இல் கிடைத்த 501 பொற்காசுகளுள் பெரும்பாலானவற்றில் பேரரசர் தலையின்மேல் உளிவெட்டு உள்ளது. இவ்வெட்டு அரச முத்திரையைச் சிதைக்கிறது. பொன்னின் எடையைக் குறைப்பதில்லை. அகஸ்டஸ் காலத்தில் ஓர் உரோமப் பவுண்டுப் பொன்னுக்கு ஏறத்தாழ 40 காசுகள் அடிக்கப்பட்டன, நீரோ கி.பி. 64இல் அதனை 45 ஆக்கினான். அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரையிலானோர் காசுகள் கலந்த இப்புதையலை எண்ணிக்கையால் மட்டும் மதிப்பிடுதல் பொருந்தாது. முசிறியைப் பாடும் எருக்காட்டூர்த் தாயங்கண்ணனாரும் (அகம். 149) யவனர் கலம் கொணர்ந்ததைப் பொன் என்றே சுட்டுகிறார், காசு என்று கூறவில்லை. எனவே, புதையல்களைப் பட்டியலிடும் ஆய்வுகள் ஒவ்வொரு காசின் எடையையும் வெட்டையும் பதிவுசெய்தல் வேண்டும். நாணயப் புழக்கம் பற்றிய முடிவு அதன் பின்னரே உறுதிபெறும்.