ஒரு மொழி, இரு கரைகள்: போர்த்துகல் – பிரேசில் நவீனக் கவிதையில் தாக்கம் என்னும் கருத்து

முன்னுரை

ஒப்பிலக்கிய ஆய்வில் 'தாக்கம்' என்னும் சொல் மிக எளிதாகக் கையாளப்படுகிறது. இரு படைப்புகளிடையே ஒப்புமை தோன்றின், முந்தையதன் தாக்கத்தால் பிந்தையது பிறந்தது என முடிவுகட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆண்ட நாடும் ஆளப்பட்ட நாடும் ஒரே மொழியில் எழுதுமிடத்து இவ்வழக்கம் மேலும் வலுப்பெறுகிறது. முன்னது கொடுப்பதாகவும் பின்னது பெறுவதாகவும் கொள்ளப்படுகிறது. இக்கருத்தைச் சோதித்தறிய ஏற்ற களம் போர்த்துகல், பிரேசில் நவீனக் கவிஞர்களிடையிலான உறவாகும். அவ்வுறவை இக்கட்டுரை மூன்று நிலைகளில் ஆராய்கிறது.

தொடர்பு தாக்கமாகுமா?

1915இல் லிஸ்பனில் 'ஓர்ஃபேயு' இதழ் தோன்றியது. அன்று வெளிவந்தவை இரண்டு இதழ்களே. முதல் இதழுக்குப் போர்த்துகல் சார்பில் லூயிஸ் டி மொன்டால்வோரும் பிரேசில் சார்பில் ரொனால்ட் டி கர்வால்யோவும் பொறுப்பேற்றனர். இரண்டாம் இதழைப் பெர்னாண்டோ பெசோவாவும் மாரியோ டி சா-கர்னெய்ரோவும் நடத்தினர். ஏழாண்டுகளுக்குப் பின், 1922 பிப்ரவரியில் சாவோ பாவ்லோ நகராட்சி அரங்கில் நிகழ்ந்த நவீனக் கலை வாரத்திலும் கர்வால்யோ பங்கேற்றார். எனவே, ஓர்ஃபேயுவின் விதையே பிரேசிலில் முளைத்தது என வாதிட இடமுண்டு.

ஆயின், அவ்வரங்கில் அவையோரின் கூச்சலுக்கிடையே கர்வால்யோ படித்தது லிஸ்பன் கவிதையன்று. மனுவெல் பந்தெய்ராவின் 'தவளைகள்'. அக்கவிதை எள்ளி நகையாடுவது பிரேசிலின் பர்னாசியக் கவிஞர்களை. அதாவது, அன்று நிகழ்ந்தது உள்நாட்டு மரபுடனான போராட்டமாகும். அதே ஆண்டில் வெளியான மாரியோ டி அந்திராடேயின் சாவோ பாவ்லோ பற்றிய தொகுப்பிலும், பெசோவா ஆல்வரோ டி கம்போஸ் என்ற பெயரில் ஓர்ஃபேயுவில் எழுதியவற்றிலும் நவீன நகர வாழ்வின் இரைச்சல் ஒலிப்பது உண்மையே. எனினும் 1909இல் வெளியான மரினெட்டியின் எதிர்காலவாத அறிக்கை இரு நாட்டாரும் அறிந்த ஒன்று. பொது மூலத்தால் விளையும் ஒப்புமையைத் தாக்கமெனக் கொள்ளுதல் பொருந்தாது.

காலந்தாழ்ந்த வருகை

போர்த்துகீசிய மொழியில் பெசோவாவின் வாழ்நாளில் வெளியான ஒரே கவிதை நூல் 'மென்சாஜெம்' (1934). 1935இல் அவர் மறைந்தபோது அவர்தம் படைப்புகளுள் பெரும்பகுதி நூலாக்கம் பெறவில்லை. பிரேசில் கவிஞர் செசிலியா மெய்ரெலெஸ் தொகுத்த போர்த்துகல் புதுக்கவிஞர் தொகை 1944இல் ரியோ டி ஜெனிரோவில் வெளிவந்தது. பெசோவாவைப் பிரேசில் வாசகர்க்கு அறிமுகப்படுத்தியதில் இத்தொகைக்குப் பெரும்பங்குண்டு.

1935 ஜனவரியில் அடோல்ஃபோ கசாய்ஸ் மொன்டெய்ரோவுக்கு எழுதிய கடிதத்தில், தாம் படைத்த கற்பனைக் கவிஞரான ரிக்கார்டோ ரெய்ஸ் 1919 முதல் பிரேசிலில் வாழ்வதாகப் பெசோவா குறிப்பிடுகிறார். கவிதைகள் பரவலாகச் சென்று சேருமுன்பே கவிஞரைக் கடல் கடத்திவிட்டார் எனலாம். அக்கடிதத்தைப் பெற்ற மொன்டெய்ரோவும் 1954இல் பிரேசிலுக்கே பெயர்ந்தார்.

எதிர்த்திசைப் பயணம்

தாக்கம் பிரேசிலிலிருந்தும் புறப்பட்டது. போர்த்துகல் கவிஞர் சோஃபியா டி மெலோ பிரெய்னெர் அன்ட்ரெசெனின் 'ஜிப்சி கிறிஸ்து' (1961), பிரேசில் கவிஞர் ஜொவாவ் கப்ராலிடம் அவர் கேட்ட செவில்லா நகரக் கதையைத் தழுவியது. அந்நூலின் கத்திப் படிமமும் சொற்சிக்கனமும் கப்ராலை நினைவூட்டுவன. இங்குத் தொடர்புக்கும் சான்றுண்டு, வடிவத்திலும் தடமுண்டு. ஆகவே இதனைத் தாக்கம் எனத் துணிந்து கூறலாம்.

பந்தெய்ராவின் 'பசார்காடா' என்னும் கனவுநாடு, போர்த்துகலின் ஆட்சியிலிருந்த கேப் வெர்டே தீவுகளின் கவிதையிலும் குடியேறியது. பால்தசார் லோபெஸ் அதனை ஏற்றுப் பாடினார். ஒவிடியோ மார்டின்ஸ் அதனை மறுத்துப் பாடினார். மறுப்பும் தாக்கத்தின் ஒரு வகையே என்பது இதனால் புலனாகிறது.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவன: காலத்தால் முந்தியது என்பது தாக்கத்திற்குச் சான்றாகாது. நேர்த்தொடர்பு மட்டுமே இருப்பினும் போதாது. படைப்பின் மொழியில், படிமத்தில், வடிவத்தில் தடம் காட்டப்பெற வேண்டும். நூல் எப்போது, யார்வழி வாசகரை அடைந்தது என்னும் வரலாறும் ஆராயப்பெற வேண்டும். இவற்றைத் தவிர்த்துத் தாக்கம் பேசுவோமாயின், ஆளப்பட்டோரின் இலக்கியத்தை என்றும் கடன்பட்டதாகவே காட்டும் பிழைக்கு நம் ஒப்பாய்வுகளும் துணைபோகும்.