சிறையில் கிடைத்த வாசிப்பு நேரம்

2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாற்றங்கரைக் குடிசைகளைப் பெயர்த்துப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பியதை எதிர்த்த மறியலொன்றில் நானும் கைதானேன். ஒரு கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். ஜோல்னாப் பையில் காந்தியின் ‘தென்னாப்பிரிக்க சத்தியாக்கிரகம்’ இருந்தது. சாயந்திரம் விடுகிறவரை படித்தேன். உண்மையைச் சொன்னால், நல்ல நாள்தான். கோட்டூர்புரத்தில் எங்கள் தெருவில் வீட்டுவேலை செய்கிற அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். “உங்களுக்கு இது லீவு சார். எனக்கு ஆப்சென்ட்டு. ரெண்டும் ஒண்ணா?” என்றார். மறுநாள் ஒரு வீட்டில் அவரை நிறுத்திவிட்டார்கள்.

அதற்குப்பின் அந்தப் பிரதியை என்னால் பழையபடி வாசிக்க முடியவில்லை.

1913 நவம்பர். ஒப்பந்தக் காலம் முடிந்த இந்தியர்மீது நேட்டாலில் விதித்த 3 பவுன் வரியை எதிர்த்துச் சுரங்கத் தொழிலாளர்கள் டிரான்ஸ்வால் எல்லையைத் தாண்டி நடக்கிறார்கள். 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள் என்று காந்தி கணக்குத் தருகிறார். வழியில் இரண்டு கைக்குழந்தைகள் செத்துப்போகின்றன. ஒன்று, ஓடையைக் கடக்கையில் தாயின் கையிலிருந்து நழுவி. கைதான தொழிலாளர்களை ரயிலேற்றித் திருப்பி அனுப்பிய அரசு, சுரங்க வளாகங்களையே சிறையின் கிளைகளாக அறிவித்தது. சுரங்க முதலாளிகளின் ஆட்களே வார்டர்கள். வேலை செய்த இடமே ஜெயில் என்றாகிறது. காந்தியையோ புளூம்ஃபோன்டைன் சிறைக்கு அனுப்புகிறார்கள். பல வருடங்களாகக் கிடைக்காத, இடையறாத படிப்புக்கு வாய்த்த நேரம் என்று அங்கே மகிழ்ந்ததாக அவரே எழுதுகிறார்.

காந்தியைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. நல்ல வருமானம் தந்த வக்கீல் தொழிலை விட்டவர் அவர். இவற்றையெல்லாம் மறைக்காமல் எழுதியவரும் அவர்தான். என் சண்டை ‘தியாகம்’ என்ற நமது சொல்லாடலோடு. விடுவதற்கு ஏதாவது கையில் வைத்திருந்தவரை அது தியாகி என்கிறது. ஓடையில் பிள்ளையை விட்டவள் ‘பாதிக்கப்பட்டவள்’ மட்டும்தான். அந்தப் பக்கத்தில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. பெயர் கிடைத்த வள்ளியம்மையை என்ன செய்தோம்? ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, கடுங்காவலில் காய்ச்சல் கண்டு, 1914 பிப்ரவரி 22இல் 16 வயதில் செத்தவள். எழும்பூர் கோ-ஆப்டெக்ஸ் மாளிகைக்கு அவள் பெயர். தள்ளுபடியில் சேலை எடுக்கப் போகிறபோது படிக்கிறோம்.

இன்னொன்று. கறுப்பின மக்கள் நிலம் வாங்கும் உரிமையைப் பறித்த சட்டம் வந்ததும் அதே 1913இல்தான். இந்தியர் போராட்டத்தின் கோரிக்கைகளில் அது இல்லை. 1914இல் 3 பவுன் வரி ரத்தாயிற்று, காந்தி கப்பலேறினார். ஒடுக்கப்பட்டவர்களுக்குள்ளும் படிக்கட்டு உண்டு என்பதைத் தமிழ் வாசகனுக்கு விளக்க வேண்டியதில்லை.

எங்கள் அடுத்த கூட்டத்தில், மறியலுக்குத் தேதி வைக்குமுன் யாருக்குக் கூலி போகும், அதை யார் ஈடு செய்வது என்று கேட்டேன். “இது தொழிற்சங்கப் பேச்சு, தோழர்” என்றார் ஒருவர். ஆமாம் என்றேன். பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் அந்த அம்மாவை நிறுத்திய வீட்டுக்காரரை எனக்கு நன்றாகத் தெரியும். காலையில் ஒன்றாக நடக்கப் போகிறவர்கள் நாங்கள். நான் இதுவரை அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.