தாலாட்டு யாரை ஆற்றுகிறது?

முஸ்லிம் தாலாட்டுகளைப் பற்றி நம்மவர்கள் எழுதும் கட்டுரைகளுக்கு ஒரு வார்ப்பு உண்டு. கலிமா எத்தனை இடத்தில் வருகிறது, எந்தெந்த நபிமாரின் பெயர் வருகிறது, அறபுச் சொற்கள் எத்தனை, மாமன் கொண்டுவந்த சீர் என்ன என்று கணக்கெடுப்பார்கள். தாய் தொட்டிலிலேயே ஈமானை ஊட்டினாள் என்று முடிப்பார்கள். இந்தக் கணக்கை நான் குறைத்துப் பேசவில்லை. இஸ்லாமியத் தமிழ் இலக்கியம் என்று ஒரு துறை உண்டென்பதை ம.மு. உவைஸ் போன்றோர் நிறுவ வேண்டியிருந்த காலத்தில் அது தேவைப்பட்டது. நிந்தவூர் எஸ். முத்துமீரான் போன்றோர் கிழக்கிலங்கைப் பாடல்களைத் தேடித் தொகுத்ததால்தான் இன்று பேசுவதற்கே நம்மிடம் ஏதோ இருக்கிறது. ஆனால் அந்தக் கணக்கில் ஏணைக்குள் கிடக்கும் பிள்ளையும் இல்லை, அதை ஆட்டும் உம்மாவும் இல்லை.

நான் எல்லப் பக்கத்தில் தமிழ் படிப்பிக்கிறவன். நாட்டார் பாடல் பாடத்தில் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், புள்ளைக்குத்தான் ஒரு சொல்லும் வெளங்காதே, பிறகென்னத்துக்கு இவ்வளவு வசனம்?" நமது விமர்சனம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

தால் என்றால் நாக்கு. நாக்கை அசைத்துப் பாடுவது தாலாட்டு என்பதே சொல்லுக்குப் பொதுவாகத் தரும் விளக்கம். ஓசையும் ஆட்டமும் பிள்ளைக்கு. வசனம் பாடுகிறவளுக்கு. வராத அண்ணன், தூரத்தில் இருக்கும் கணவன், தீராத வேலை எல்லாம் அதற்குள் வந்துவிடும். இழுத்துப் பாடினால் மூச்சு நீளும். மூச்சு நீண்டால் நெஞ்சின் படபடப்பு அடங்கும். கலிமா திரும்பத் திரும்ப வருவதும் திக்ர் செய்வதைப் போலத்தான். அது பிள்ளைக்குப் பாடமாவதற்கு முன்பே உம்மாவுக்கு ஆறுதலாகிவிடுகிறது. சில மாதப் பிள்ளைக்குத் தன்னைத் தானே ஆற்றிக்கொள்ளத் தெரியாது. பெற்றவரின் அமைதியைத்தான் அது இரவல் வாங்குகிறது. 1970களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற அமெரிக்க உளவியலாளர் தாய்மாரிடம் சிறிது நேரம் எந்தச் சலனமும் இல்லாத முகத்தோடு பிள்ளையைப் பார்க்கச் சொன்னார். தாய் பக்கத்திலேயேதான் இருந்தாள். பிள்ளை சிரித்துப் பார்த்தது, கை நீட்டிப் பார்த்தது, கடைசியில் கலங்கி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

இது நமக்குப் புதிய செய்தியல்ல. சூரா அல்கஸஸ், ஆற்றில் விடப்பட்ட மூஸா நபியின் கதையைச் சொல்லும்போது தாயின் உள்ளம் வெறுமையானதையும், அல்லாஹ் அதைத் திடப்படுத்தியதையும் சொல்கிறது. பிள்ளையை அவளிடம் திருப்பிக் கொடுத்ததற்குச் சொல்லப்படும் காரணமும் அவளது கண் குளிர வேண்டும், அவள் கவலைப்படக் கூடாது என்பதே. தொழுகையை நீட்ட நினைத்த நபியவர்கள் (ஸல்) பிள்ளையின் அழுகைச் சத்தம் கேட்டதும் சுருக்கிக்கொண்டதும் அந்தத் தாயின் தவிப்பை எண்ணித்தான்.

இந்தக் கண்ணோடு நம் பக்கத்துத் தோட்டங்களைப் பார்க்க வேண்டும். ஸி.வி. வேலுப்பிள்ளை சேகரித்த மலையகப் பாடல்களை நாம் உழைப்பின், சுரண்டலின் ஆவணமாக மட்டுமே வாசித்துப் பழகிவிட்டோம். அங்கே மதத்தை எண்ணுகிறோம், இங்கே வர்க்கத்தை எண்ணுகிறோம்; இரண்டிலும் பிள்ளை விடுபட்டுப்போகிறது. கொழுந்தெடுக்கப் போகும் தாய் பிள்ளையைப் புள்ளக் காம்பராவில் விட்டுவிட்டு மலையேறுகிறாள். அதற்கு இப்போது சிறுவர் அபிவிருத்தி நிலையம் என்று பெயர். 1939ஆம் ஆண்டின் மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம், ஒரு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட நாளுக்கு இரண்டு இடைவேளை தருகிறது. காம்பரா இருக்கும் இடத்தில் ஒவ்வொன்றும் அரை மணித்தியாலம். அவதியாய் வந்து, பால் கொடுத்து, மீண்டும் மலைக்கு ஓடும் ஒருத்திக்கு அந்த அரை மணியில் எவ்வளவு அமைதி கிடைக்கும்? மிச்ச நேரம் பிள்ளையை ஆற்றுவது ஆயாவின் குரல். சீறாப்புராணத்தில் அலிமா முலையூட்டுப் படலம் படித்தவர்களுக்கு இது புரியும். பெறாத தாயும் பிள்ளைக்கு உறவாகலாம். ஆனால் அந்த ஆயாவின் பாட்டை யார் பதிவு செய்தார்கள்?

வாப்பாமாரையும் விட்டுவிட முடியாது. 1833இல் நபிநாயகம் பிள்ளைத்தமிழ் பாடிய செய்யிது அனபிய்யா புலவர் ஓர் ஆண். தாலப் பருவத்தில் அவர் தாயின் குரலை எடுத்துக்கொண்டார். பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்துகொண்டே நபியவர்கள் தொழுதார்கள். இப்படியிருக்க, தாலாட்டு பொம்பளைகள் விசயம் என்று நாம் ஒதுங்கி நிற்பதற்கு மரபு இடம் தரவில்லை.

இனித் தாலாட்டு சேகரிக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வரிகளோடு நின்றுவிடாதீர்கள். பாடியவர் யார், பிள்ளைக்கு எத்தனை மாதம், பாடுவதற்கு முன் அவர் என்ன வேலை செய்துகொண்டிருந்தார், பாடிய பிறகு எங்கே போனார் என்பதையும் எழுதி வையுங்கள். போனில் பாட்டைப் போட்டுப் பிள்ளையின் தலைமாட்டில் வைக்கும் வழக்கம் நம் வீடுகளிலும் வந்துவிட்டது. அதில் ஓசை இருக்கிறது, கலிமாவும் இருக்கலாம். பாடிப் பாடித் தானும் அமைதியாகும் ஒரு ஆள் மட்டும் அதில் இல்லை.