நிமித்தமும் காமப் புனைகதையும்

காமப் புனைகதை எழுதப் புகுவார் முதற்கண் எழுப்பும் வினா, எவ்வளவு வெளிப்படக் கூறலாம் என்பதே. அவர்க்கு அறிவுரை பகர்வாரும் இவ்வளவு கூறுக, இவ்வளவு மறைக்க என்று அளவையே பேசுவர். இவ்வினாவே பிழைபட்டது என்பது எம் கருத்து. எதிலிருந்து தொடங்குவது என்பதே முன்னர்க் கேட்கற்பாலது. அதற்குரிய விடை தொல்காப்பிய அகத்திணையியலில் ஒரு சொல்லாய்க் கிடக்கின்றது. அச்சொல் நிமித்தம்.

புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என உரிப்பொருளை வகுத்த ஆசிரியர், அவற்றின் நிமித்தங்களையும் உடன்வைத்து எண்ணினார். ஆகலின் கூட்டம் மட்டுமன்று, அதற்கு முன்னும் பின்னும் சூழ்ந்து நிற்பனவும் குறிஞ்சிக்கு உரியவே. மாணவர் பலர் நிமித்தம் என்பதனைத் தேர்வு விடையில் எண்ணிக்கையை நிரப்பும் சொல்லாகவே கொண்டுவிடுகின்றனர். படைப்போர்க்கோ அதுவே வாயில்.

1940-ஆம் ஆண்டளவில் நியூயார்க்கில் அனாய்ஸ் நின் அம்மையார் காமக் கதை எழுதத் தொடங்கிய வரலாறு இதனை நன்கு விளக்கும். அவர் 1932-இல் டி. எச். லாரன்சைப் பற்றித் திறனாய்வு நூல் வெளியிட்டவர். நாட்குறிப்பால் பின்னர்ப் பெரும்புகழ் எய்தியவர். பணமுடை காரணமாக, முன்வந்து தோன்றாத செல்வர் ஒருவர்க்குப் பக்கத்துக்கு ஒரு டாலர் வீதம் இக்கதைகளை எழுதித் தந்தார். ஹென்றி மில்லரும் அச்செல்வர்க்கே எழுதியவர். இடைநின்றார் வாயிலாக அம்மையார்க்கு வந்த கட்டளை, கவிதையை விடுத்துக் கலவியை மட்டும் கூறுக என்பது.

முதலும் கருவும் களைந்து உரியை மட்டும் தருக என்று அவர் கேட்டதாக இக்கட்டளை தோன்றலாம். அங்ஙனமாயின் அதனைக் குறைகூறல் நமக்கு எளிதன்று. முதலினும் கரு சிறக்கும், கருவினும் உரி சிறக்கும் என்று நம் உரையாசிரியர்களே கொண்டனர்; உரியொன்றே பயின்று வந்த செய்யுட்களையும் அவர்கள் ஏற்றனர். அருவியும் வேங்கையும் இல்லாமை குற்றமாகாது. செல்வர் களையச் சொன்னது நிமித்தத்தை. அம்மையார் எழுதிய மறுப்பு மடலும் இதனையே சுட்டுகின்றது. உணர்ச்சியினின்று பிரிந்து இயந்திரச் செயலாகும்போது காமம் தன் ஆற்றலை இழக்கும் என்பது அவர் வழக்கு. கண்ணீர், நகை, பொறாமை, கனவு முதலியன அதனோடு கலத்தல் வேண்டும் என்றார். தொல்காப்பியம் கல்லாதார் ஒருவர் தம் பட்டறிவால் கண்ட நிமித்தப் பட்டியல் இது!

எனினும் அவர் கதைகள் அனைத்தும் இக்கொள்கையைக் காத்தன எனல் இயலாது. அவர் மறைந்த 1977-ஆம் ஆண்டில் வெளிவந்த 'டெல்டா ஆஃப் வீனஸ்' தொகுதியைப் பயில்வார், கூலி தந்தவர் விருப்பிற்குப் பணிந்த பகுதிகளை எளிதில் இனங்காண்பர். அங்கே செயல் செயலைத் தொடர்கின்றது. எவர்க்கும் இழக்க எதுவுமில்லை. ஆடவர் எழுத்தையே மாதிரியாகக் கொண்டதால் தம் பெண்குரல் கெட்டது என நெடுநாள் எண்ணியிருந்ததையும், பின்னாளில் படித்தபோது அது முற்றும் அடங்கிவிடவில்லை எனக் கண்டதையும் 1976-இல் அவரே எழுதினார். தொடக்க எழுத்தாளர்க்கு அவ்வொப்புதல் கதைகளினும் பயனுடையது.

இனி, கபிலர் பாடிய குறுந்தொகை 25-ஆம் பாட்டைக் காண்போம். ஐந்தடிச் சிறுபாட்டு. களவில் கூடிய தலைவி தோழிக்குக் கூறுவது. அன்று அங்கே வேறு யாருமில்லை, அவனே கள்வன், அவன் பொய்த்தால் யான் என் செய்வேன் என்கின்றாள். தினையின் தாள் போன்ற மெல்லிய கால்களையுடைய குருகு ஒன்று இருந்தது. அதுவும் ஓடுநீரில் ஆரல் மீனையே பார்த்திருந்தது. கூட்டத்தைச் சுட்டுதற்குக் கபிலர்க்கு ஒரு சொல் போதுமாயிற்று. எஞ்சியவை அனைத்தும் அச்சமும் சான்றின்மையும். ஆயினும் கூடிய பொழுதின் தனிமை, நெருக்கம், பிறிதொன்றும் நோக்காமை ஆகியவற்றை அக்குருகின் வழியே நாம் உணர்கின்றோம். எல்லாம் முடிந்தபின் அவள் நினைவில் தங்கியது குருகின் கால். இதனினும் உண்மையான காமக் குறிப்பை யாம் கண்டிலேம்.

திருக்குறட் காமத்துப்பாலின் 25 அதிகாரங்களுள் புணர்ச்சி என்னும் சொல்லைப் பெயரில் தாங்கியவை இரண்டே. ஒன்று புணர்ச்சி மகிழ்தல்; மற்றொன்று புணர்ச்சி விதும்பல். பின்னது கூட்டமன்று, அதனை நாடும் வேட்கை. கற்பியலுக்கு 18 அதிகாரமும் களவியலுக்கு 7 அதிகாரமுமாக உரைமரபில் பகுக்கப்பட்டதும் ஈண்டு எண்ணத்தக்கது.

மறைத்துக் கூறலே மேன்மை என்று யாம் வாதிடுவதாக எவரும் கொள்ளற்க. மருதக்கலியில் நகக்குறியும் பற்குறியும் வெளிப்படவே பேசப்படுகின்றன. அவற்றைக் கூறக் கலித்தொகைப் புலவர் நாணவில்லை. ஆனால் அக்குறிகளைக் கண்டு பேசுபவள் இரவெல்லாம் காத்திருந்த தலைவி. கேட்பவன் பரத்தையிற் பிரிந்து மீண்டு வாயிலில் நிற்கும் தலைவன்.